அட்டைகளோடு ஒரு கிழமை

கஸ்தூரியார் வீதிக் கடையில்
இரண்டு டப்லெட்டையும் அருகருகே கிடத்தினான் பொடியன்.
எட்டு அங்குலம். பதினொரு அங்குலம்.
"அக்கா, பெரிசை எடுங்கோ, கண்ணுக்குச் சுகம்."
சின்னதைத் தூக்கிப் பார்த்த கை
அவனுக்கு மறுமொழி சொல்லவில்லை.
கீழே வைக்கவும் இல்லை.

இரண்டு விலைக்கும் இடையில்
என் அரை மாதச் சம்பளம் கிடந்தது.
யோசிச்சுச் சொல்லுறன் என்று வந்துவிட்டேன்.

வீட்டில் ஒரு பிஸ்கற் பெட்டியைப் பிரித்து
அளந்து வெட்டினேன் இரண்டு அட்டை.
பாரத்துக்கு,
சின்னதன் முதுகில் முந்நூறு கிராம் பயறு,
பெரியதன் முதுகில் அரைக் கிலோ சீனி,
பொலித்தீன் பையில் தட்டையாய்ப் பரப்பி
இறப்பர் பட்டி போட்டுக் கட்டினேன்.
சத்தியரூபன் பார்த்தார்.
"சார்ச் இறங்காத சாமான்" என்றார்.
வேறொன்றும் கேட்கவில்லை.

திங்கள்.
அச்சுவேலி மினிபஸ்ஸில் நின்றபடி பயணம்.
ஒரு கை மேலே கம்பியில்.
மற்றக் கைக்குப் பெரியது அடங்கவில்லை;
கோப்பாய் தாண்ட முதல்
முன்னால் இருந்தவரின் தலையில் இடித்தது.
"என்ன பிள்ளை, சீனியே கொண்டுபோறாய்?"
ஓம் ஐயா என்றேன். பொய்யில்லை.

செவ்வாய்.
நொத்தாரிசு கந்தோரில் என் வேலை
பழைய உறுதிகளை வாசிப்பது.
ஸ்கான் பண்ணி வந்த கையெழுத்து,
பாதி மை, பாதி பூஞ்சணம்.
பரப்பு மூன்று, குழி ஐந்தே...
காலா, முக்காலா?
அரைக் குழிக்கு வழக்குப் போட்டு
அண்ணன் தம்பி கதைபேச்சை விட்ட ஊர் இது.
ஒரு பக்கத்தைச் சுருக்கிப் பிரதி எடுத்து
சின்ன அட்டையில் ஒட்டினேன்.
முக்கால் கூடக் காலாய்த்தான் தெரிந்தது.
கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டேன்.
அப்போதும் கால்.
நாற்பத்தெட்டு வயதுக் கண்
அன்றைக்குப் பெரியதன் பக்கம் ஒப்பம் வைத்தது.

புதன் இரவு.
படுத்தபடி வாசிக்கிற பழக்கம் எனக்கு.
பெரியது நெஞ்சில் நின்றது, சாய்ந்தது,
அரைக் கிலோவும் மூக்கில் விழுந்தது.
நுளம்பு வலைக்குள்
யாரோ சிரிப்பை விழுங்குகிற சத்தம்.

வியாழன் முழுக்கக் கறன்ற் இல்லை.
பாரத்தைக் கழற்றிவிட்டுப் பெரியதால் விசிறினேன்.
அதற்கு அது நல்லது.
பிறகு பட்டியைச் சரியாக இறுக்கவில்லைப் போல.
வெள்ளி விடிய
பெரிய அட்டை முழுக்க எறும்பு.
மேலிருந்து கீழ், வரி தவறாமல்.
அதை முழுதாய் வாசித்தவை அவைதான்.

சனி, வேலை இல்லை.
கை சும்மா இருக்காமல்
சின்ன அட்டையின் பின்னால் உறுதி எழுதியது:
இதற்கெல்லை கிழக்கு பெருவிரல்,
மேற்கு மற்ற நாலு விரல்,
வடக்கு நெற்றி, தெற்கு மடி.
இதற்குள் அடங்கியது முழுவதும்.
பெரியதுக்கும் எழுதப் பார்த்தேன்.
கிழக்கு மேசை. மேற்கு மேசை.
வடக்கு சுவர். தெற்கு கதிரை.
ஒரு எல்லையிலும் நான் இல்லை.

கந்தோரில் கொம்பியூட்டர் இருக்கிறது,
குழிக் கணக்கு அங்கே கிடக்கட்டும்
என்று சின்னதையே வாங்கினேன்.
பயறை அவித்தோம்.
சீனியை என்ன செய்தோம் என்று கேட்க வேண்டாம்.

முதல் இரவே
அந்த உறுதியைத் திறந்தேன், மனம் கேட்கவில்லை.
இரண்டு விரலை வைத்து விரித்தேன்.
கால், மெல்லப் பெருத்து, முக்காலானது.
ஒரு கிழமையாய் அட்டைக்கு இது தெரியாது.
எனக்கும் நினைவு வரவில்லை.

இன்னும் கொஞ்சம் விரித்தேன்.
முக்கால் மட்டும் நின்றது, கரிய, பெரிய முக்கால்.
காணிக்காரரின் பெயர்
திரைக்கு வெளியே போயிருந்தது.