பதிமூணு

முர்த்தசா பாய் பெட்டியைத் திறந்து
என் பக்கம் திருப்பினார்.
எட்டு ஸ்பேனர், எட்டாம் நம்பரிலிருந்து பத்தொன்பது வரை.
இன்னும் யாரும் திட்டாத பளபளப்பு.

"விலை கம்மியாவும் இருக்கு" என்றார்.
"சுவிட்ச் கிடையாது. கழட்டணும்னா
புரட்டிப் போட்டுக்கங்க, தோசை மாதிரி."

தோசைக்கு மேலே இடம் இருக்கிறது பாய்.
ஷேர் ஆட்டோ இன்ஜினுக்கும் சேஸிஸுக்கும் நடுவில்
என் உள்ளங்கையே ஒருக்களித்துத்தான் போகும்.

போன சித்திரை, எதிர்சேவை ராத்திரி.
புதூரில் ஜனம் ரோட்டை அடைத்து நிற்க
நட்டநடுவில் படுத்துவிட்டது தவசியின் வண்டி.
அன்றைக்குக் கையில் இருந்தது
புரட்டிப் போடுகிற வகை.
மவுண்டிங் போல்ட்டில் மாட்டி
சந்தோஷமாகத்தான் சுற்றினேன்.
போல்ட் வெளியே வர வர
அதன் தலை ஸ்பேனரைத் தள்ளிக்கொண்டே போய்
சேஸிஸ் சுவரோடு சாத்திவிட்டது.
மேலே கழற்ற இடமில்லை.
மறுபடி முடுக்கலாமென்றால் புரட்ட வேண்டும்,
புரட்ட, வெளியே எடுக்க வேண்டும்,
எடுக்கத்தான் முடியவில்லையே.
சர்க்கரைக் கிண்ணத்தில் சூடம் ஏற்றியவர்கள்
எங்களைச் சுற்றிக்கொண்டு போனார்கள்.
சிலர் எங்களுக்கும் சேர்த்துக் கும்பிட்டார்கள்.
ஹேக்ஸா பிளேடில் துணி சுற்றிப் பிடித்து
போல்ட்டையே அறுத்தேன். மூன்று பிளேடு.
இரும்புத்தூள் பல்லுக்குள் இறங்கி
அந்த ஸ்பேனர் அன்றோடு ஊமை.

அதனால் சுவிட்ச்.
கழுத்தோரம் ஒரு சின்ன நாக்கு,
இந்தப் பக்கம் தள்ளினால் முடுக்கும், அந்தப் பக்கம் கழற்றும்.
நாக்கு துருத்திக்கொண்டிருந்தால்
வேலை நடுவே கட்டைவிரல் பட்டுப் புரண்டுவிடும்.
ரொம்ப அமுங்கியிருந்தால்
கிரீஸ் கைக்கு அகப்படாது.
கண்ணை மூடிக்கொண்டு தள்ளிப் பார்த்தேன்.
"அக்கா தூங்குது" என்றான் கடைப் பையன்.

எழுபத்திரண்டு பல் என்று அட்டை சொல்லும்.
அட்டை எதையும் சொல்லும்.
காதோரம் வைத்து மயிரிழை அசைத்தால்
ஒரு டிக் வர வேண்டும்.
மிளகு அரைக்கிற சத்தம் வந்தால் கீழே வைத்துவிடலாம்.
அதில் இழுவை இருக்கிறது,
லூசான நட்டு கையோடு போய் கையோடு திரும்பும்,
பொழுது விடிந்தாலும் அதே இடம்.

கழுத்து பதினைந்து டிகிரி வளைந்திருக்க வேண்டும்.
ஏனென்று என் விரல் முட்டிகளைப் பார்த்துக்கொள்ளலாம்.

முதல் இறுக்கத்தை மட்டும் இதில் உடைக்கக் கூடாது.
அதற்குப் பழைய ரிங் ஸ்பேனர், ஒரு குழாய்,
கொஞ்சம் கெட்ட வார்த்தை.

"டெஸ்ட் பண்ண நட்டு வேணுமே" என்றார் பாய்.
அவர் உட்கார்ந்திருந்த இரும்பு ஸ்டூல்
வந்ததிலிருந்து ஆடிக்கொண்டிருந்தது.
எழுப்பிவிட்டுக் குனிந்தேன்.
நாலு காலிலும் பதிமூணு.
சுவரோரக் கால்தான் முக்கியம்,
இரண்டு விரற்கடை சந்து.
மாட்டினேன்.
டிக் டிக் டிக்,
கை போய்ப் போய்த் திரும்பி வந்தது,
நட்டு திரும்பவில்லை, போய்க்கொண்டே இருந்தது.
வேண்டுமென்றே கொஞ்சம் அதிகம் முடுக்கி
நாக்கைத் தள்ளி
அரைச் சுற்று விட்டுக்கொடுத்தேன்.
விட்டது.

பாய் உட்கார்ந்து பார்த்தார்.
ஸ்டூல் ஆடவில்லை.
நாலாயிரத்து இருநூறும் ஆடவில்லை.

"பதினைஞ்சும் பத்தொன்பதும் எனக்கு ஆகாது பாய்,
கழிச்சுக் குடுங்க."
"சேலை எடுக்கப் போனா
முந்தானை வேணாம்னா சொல்லுவீங்க?"

சீட்டுப் பணம். ஐந்நூறு ஐந்நூறாக எண்ணி வைத்தேன்.
அவர் மறுபடி எண்ணினார்.

பெரியாரில் பஸ் ஏறி
ஜன்னலோரம் உட்கார்ந்து பெட்டியைத் திறந்து
பத்தாம் நம்பரை மட்டும் எடுத்து
பர்சுக்குள் போட்டுக்கொண்டேன்.
எந்த செட்டிலும் முதலில் காணாமல் போவது அதுதான்.
யார் எடுக்கிறார்கள் என்று ஒருவருக்கும் தெரியாது.
தவசிக்குத் தெரியும்.