பசைக்கு யார் கணக்கு

இந்தப் பாடத்துக்குச் சொந்த அறை கிடையாது.
புதன்கிழமை மூன்று மணிக்கு
நிலவியல் துறை தன் அறையை இரவல் தருகிறது.
கண்ணாடி அலமாரியில் கற்கள்,
ஒவ்வொன்றுக்கும் எண், ஊர், வயது.
ஜன்னலுக்கு வெளியே கொன்செப்சியோன் மழை,
நிற்கிற மாதிரி நின்று
மறுபடி பிடித்துக்கொள்ளும் மழை.

நான்கு துறைகள், நான்கு மேசைகள்.
சேர்ந்து உட்காருங்கள் என்று மூன்று வாரம் சொன்னேன்.
நாற்காலிகள் சேர்ந்தன.

முதல் நாளே தவறு செய்தேன்:
'அடுத்த வாரம் ஆளுக்கொரு மாதிரி கொண்டுவாருங்கள்.'
எலிசெயோ, கட்டடப் பொறியியல்,
இரண்டு பக்கம் சமன்பாடு கொண்டுவந்தான்.
வணிகவியல் ஃபபியோலா
நாற்பது பேரிடம் கேட்டு நிரப்பிய கேள்வித்தாள்.
அய்லீன், என் துறைப் பிள்ளை,
அட்டையில் உள்ளங்கை அகல நாற்காலி.
செவிலியர் படிப்பு மரிட்சா மட்டும் வெறுங்கையோடு.
"ரத்த மாதிரிதான் எங்களுக்குத் தெரியும், டீச்சர்.
யாருடையது என்று நீங்கள் சொல்லவில்லை."

நால்வருக்கும் முழு மதிப்பெண் போடலாம்.
உட்காரத்தான் ஒன்றும் இல்லை.

எடுத்த வேலை:
டயாலிசிஸ் அறைக்கு ஒரு நாற்காலி.
வாரத்தில் மூன்று நாள், நாளுக்கு நான்கு மணி நேரம்
ஒருவர் அதில் இருந்தாக வேண்டும்.
எத்தனை கிலோ தாங்கணும் என்றான் எலிசெயோ.
ஏழு வயதில் நிலம் ஆடிப் பார்த்தவன்,
விழாதது எல்லாம் அவனுக்கு அழகு.
அய்லீனுக்கு அழகு என்றால் வளைவு.
ஃபபியோலா அந்த வளைவின் விலையைக் கேட்டாள்.
நடுவில் நான்,
அகராதி இல்லாத மொழிபெயர்ப்பாளி.
சமன்பாட்டில் பாதி எனக்கும் புரியவில்லை.
தலையாட்டினேன்.
அவன் கண்டுபிடித்துவிட்டான்.

இதற்கிடையில் பசை தீர்ந்தது.
வாங்கும் படிவத்தில்
துறைக் குறியீடு என்றொரு கட்டம்.
பொறியியல், வடிவமைப்பைக் கை காட்டியது.
வடிவமைப்பு, வணிகவியலை.
செவிலியர் பள்ளி அன்பாகவே எழுதியது:
காயத்துக்குப் போடும் பசை என்றால்
வாங்கித் தருகிறோம்.
நாலு வீட்டில் கல்யாணம்,
நாய்க்குட்டிக்குச் சோறில்லை.
கடைசியில் என் பணப்பை.

ஒன்பதாவது வாரம்
அட்டை நாற்காலி ஆள் அளவுக்கு வளர்ந்திருந்தது.
முதுகுச் சாய்வுக்காகச் சண்டை,
பதினைந்து பாகையா பதினெட்டா என்று.
இரவுப் பணி முடித்து நேரே வந்த மரிட்சா
அதிலேயே உட்கார்ந்து
தூங்கிப்போனாள்.

அவள் இடது கை
கைப்பிடியிலிருந்து மெல்ல நழுவி
அந்தரத்தில் தொங்கியது.

சண்டை நின்றது.
அந்தக் கையில்தான் ஊசி இருக்கும்,
நான்கு மணி நேரமும்.
எலிசெயோ மண்டியிட்டு, அவளைத் தொடாமல்,
விரல் நுனியிலிருந்து தரைவரை அளந்தான்.
ஃபபியோலா கேள்வித்தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.
தூங்குவீர்களா என்று
நாற்பது பேரில் ஒருவரிடமும் கேட்டிருக்கவில்லை.
அய்லீன் கத்தியை எடுத்து
தன் வளைவைத் தானே அறுத்தாள்,
சத்தம் வராமல், மிக மெதுவாக.
நான் விளக்கை அணைத்தேன்.
அன்று நான் கற்பித்தது அவ்வளவுதான்.

பருவ இறுதியில் மதிப்பீட்டுத் தாள்:
தனிநபர் பங்களிப்பு, நூற்றுக்கு எவ்வளவு?
நாற்பது நிமிடத் தூக்கத்துக்கு
எந்தக் கட்டத்தில் எண் போடுவது.
எழுதினேன், அடித்தேன், மறுபடி எழுதினேன்.
பாடத்திட்டக் குழுவுக்கு இன்னொரு சந்தேகம்:
அடுத்த ஆண்டு இதை
எந்தத் துறையின் கீழ் அச்சிடுவது?

திங்களன்று நிலவியல் பேராசிரியரிடமிருந்து சீட்டு.
'உங்கள் அட்டைச் சாமானை அகற்றவும்.
கற்களுக்கே இடமில்லை.'
போனேன்.
வயது எழுதிய கற்களின் எதிரே
ஜன்னல் பக்கம் திருப்பிப் போட்டிருந்தது நாற்காலி.
புதிய இடது கைப்பிடியில்
காப்பிக் கோப்பை வைத்த வட்டம்,
இன்னும் ஈரமாக.