காலணி இல்லாமல்

கேட்ரிக் சிகாகோவுக்குப் படுத்துக்கொண்டே வந்தான்.
ஒமாஹாவிலிருந்து ஏழு மணி நேரம்.
வண்டி என் மாமாவுடையது, தரைவிரிப்பு போடுகிறவர்.
சுருள்களை இறக்கிவிட்டு
மெத்தை ஒன்றைத் திணித்திருந்தோம்.
நிற்க நிற்க முதுகெலும்பு அமுங்குமாம்,
படுத்தால் அரை அங்குலம் திரும்பக் கிடைக்குமாம்,
எங்கோ படித்திருக்கிறான்.
அயோவா முழுக்க அவன் பார்த்தது
வண்டிக் கூரையின் துருவை மட்டும்.
வழியில் வாங்கிய உருளை வறுவலை
மல்லாந்தபடியே தின்றான்.
தக்காளிச் சாறு காதுக்குள் போனது.
சிரிக்காதே, நீ சிரித்தால் நானும் சிரிப்பேன்,
சிரித்தால் சுருங்கும் என்றான்.

நானும் அதே அணிதான்.
நாலு வருடத்தில் மொத்தம் முப்பத்தொரு நிமிடம் ஆடினேன்,
அதில் முப்பது, முடிவு தெரிந்துவிட்ட ஆட்டங்களில்.
என்னை யாரும் அளக்கக் கூப்பிடவில்லை.
கூப்பிட்டிருந்தால் நானும் படுத்திருப்பேன்.
அப்புறம் வண்டியை யார் ஓட்டுவது?

கல்லூரிக் கையேட்டில் அவன் ஆறடி ஆறரை.
முதல் வருடம் ஆறடி ஐந்துதான்.
மூன்றாம் வருடம் மிசூரியில் ஜெயித்த இரவு
தூக்கத்தில் ஒன்றரை அங்குலம் வளர்ந்தான்.
எப்படி என்பது
பயிற்சியாளர் க்ரெப்ஸுக்குத்தான் தெரியும்.

அளக்கிற அம்மாள் கழுத்தில் கண்ணாடி தொங்கியது.
காலணியைக் கழற்று என்றாள்.
பிறகு, காலுறையையும்.
குளிர்ந்த தரையில் அவன் விரல்கள்
இடம் தெரியாதவை போல நெளிந்தன.
கறுத்த பெருவிரல் நகம் என் கைங்கரியம்,
பிப்ரவரிப் பயிற்சியில் மிதித்தேன்.
பலகை தலையில் இறங்கியது.
முடியை அழுத்தினாள்.
ஆறடி நாலேகால்.
அவள் உரக்கப் படித்தாள்,
இன்னொருவர் உரக்கத் திருப்பிச் சொன்னார்,
மூன்றாம் ஆள் எழுதினார்.
ஒரு பொய் சாக மூன்று சாட்சி.

கையை விரித்தான். ஆறடி பதினொன்று.
கை நீளம் என்று எழுதிக்கொண்டார்கள்,
நல்ல அர்த்தத்தில்.

திரும்பும்போது முன்சீட்டில் உட்கார்ந்தான்,
முழங்கால் இரண்டும் எதிரே இடிக்க.
அயோவா இவ்வளவு பச்சையா என்றான்.
வேறெதுவும் பேசவில்லை.

ஜூனில், அவர்கள் வீட்டுக் கூடத்தில் பதினாலு பேர்.
அவன் அம்மா ஓடெட்டா
இறைச்சி ஆலையின் இரவு ஷிப்டை
யாருக்கோ மாற்றிக் கொடுத்துவிட்டு வந்திருந்தாள்.
கணிப்புப் பட்டியல்களில் அவன்
ஒன்றில் நாற்பத்தேழு, ஒன்றில் ஐம்பத்திரண்டு,
ஒன்றில் இல்லவே இல்லை.
முதல் முப்பது பெயர்கள் வரை சாப்பிட்டோம்.
நாற்பத்தேழில் ஒரு செர்பியப் பையன்.
ஐம்பத்திரண்டில் எவனோ ஒருவன்
அழுதபடி தன் தாயைக் கட்டிக்கொண்டான்,
ஓடெட்டா எழுந்து சமையலறைக்குப் போனாள்.

ஐம்பத்தாறில் போன் அடித்தது.
கூடம் மொத்தமும் மூச்சை நிறுத்தியது.
பீட்சாக்காரன். வீட்டு எண் கேட்டான்.
யாரும் சிரிக்கவில்லை.
பிறகு கேட்ரிக் சிரித்தான்,
சுருங்கினால் சுருங்கட்டும் என்பது போல,
சோபா குலுங்க.

அறுபதும் முடிந்தது.
யாரோ டிவியின் சத்தத்தைக் குறைத்தார்கள்,
படத்தை அணைக்கத் துணியவில்லை.
அப்போதுதான் அவன் பெயர் வந்தது,
சமையலறையிலிருந்து, முழுப்பெயராக:
கேட்ரிக் அலோன்சோ ப்ளெசன்ட்!
குப்பை வண்டி விடியற்காலையில் வந்துவிடும்.

எழுந்தான்.
இரண்டு கையிலும் இரண்டிரண்டு பை.
குனியத் தேவையில்லாத வாசலில்
வழக்கம்போலக் குனிந்து
வெளியே போனான்.