விழாத பழம்

பாலிக் பூலாவில் டுரியானைப் பறிப்பதில்லை.
விழும்வரை காத்திருப்பார்கள்,
கீழே வலை கட்டி,
கையில் டார்ச்சோடு ஒருவன் விடியவிடிய விழித்திருந்து.
தோட்டக்கார ஆ ஹெங் என் மேசையில்
கணக்குப் புத்தகத்தைப் போட்டுவிட்டு மலாயில் கேட்டான்:
மரத்தில் தொங்குவதற்கும் வரி கேட்பார்களாமே,
அணில் தின்றுவிட்டால் திருப்பித் தருவார்களா?

பிஷப் தெரு, இரண்டாம் மாடி.
காற்றாடிக்குக் காகிதம் பறக்காமலிருக்க
மேலே ஸ்டேப்ளரை வைத்துக்கொண்டு
இருபத்திரண்டு வருடமாக
அடுத்தவர் கணக்கை எழுதுகிறேன்.
கீழே கோப்பிக்கடையில்
வரும் என்கிறான் ஒருவன், வரவே வராது என்கிறான் இன்னொருவன்.
வந்தால் யாருக்கு என்று
தே தாரிக் ஆற்றுகிறவன் மட்டும் கேட்கிறான்.

சவரிராயன் வந்தார்.
பட்டர்வொர்த் துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்ந்தவர்.
ஜெலுத்தோங்கில் ஒரே வீடு,
முப்பத்தெட்டாயிரம் வெள்ளிக்கு வாங்கியது.
பக்கத்து வீடு போன மாதம்
ஆறு லட்சத்து இருபதுக்குக் கைமாறியது.
"வீடு அதேதான் அம்மா,
குளியலறைக் கதவு இன்னும் சாத்த வராது.
என்னைக் கேட்காமலே என்னைப் பணக்காரனாக்கிவிட்டார்கள்.
எந்தச் செங்கல்லைப் பெயர்த்து வரி கட்டட்டும்?"

நியாயம் என்று நினைத்தேன்.
அந்த நியாயம் மதியச் சாப்பாடுவரை தாங்கியது.

பிறகு டத்தோ ஓய்யின் கோப்பு.
வருமானம் என்ற கட்டத்தில் ஏறக்குறைய ஒன்றுமில்லை.
எனக்குக் கீழே வேலை பார்க்கும் பையன்
அவரைவிட அதிகம் கட்டுகிறான்.
டத்தோ பங்குகளை விற்பதில்லை.
காட்டுகிறார். வங்கி கொடுக்கிறது.
கடனில் தஞ்சோங் பூங்காவில் கடல் தெரியும் மாடி,
கடனில் மகளுக்கு லண்டன்,
அந்தக் கடனை அடைக்க இன்னொரு கடன்.
கடன் வருமானம் ஆகாது, ஆகவே வரியும் இல்லை.
பழம் விழவே இல்லை,
வீடு முழுக்க டுரியான் வாசனை.

இப்படி எழுதிவிட்டு
என் கெட்டிக்காரத்தனத்தை நானே கொஞ்சம் மெச்சிக்கொண்டேன்.
கை தானாகக் கழுத்துக்குப் போனது.
அங்கே ஒன்றுமில்லை.

ஆறு பவுன் சங்கிலி.
கல்யாணத்தில் போட்டது;
கல்யாணம் போனது, சங்கிலி தங்கியது.
தங்கம் ஏறியதை வானொலி சொல்லும் காலைகளில்
பல் துலக்கியபடி
ஒன்றுமே செய்யாமல் பணக்காரியாவேன்.
எடை கூடவில்லை,
கழுத்துக்கு எதுவும் தெரியாது.

மகனின் கல்லூரிக் கட்டணத்துக்குக்
காம்பார் தெரு அடகுக்கடையில் கழற்றி வைத்தேன்.
ஐந்தாயிரம் போதும் என்றேன்.
ஒன்பது தரலாமே என்றான்.
ஒன்பதே வாங்கினேன்.
மிச்சத்தில் துணி துவைக்கும் இயந்திரம் வந்தது, நல்ல ரகம்.
விற்கவில்லை, சத்தியமாக விற்கவில்லை.

டத்தோ எங்கே, நான் எங்கே,
நடுவில் ஒரு கோடு போட்டால் போயிற்று என்பீர்கள்.
போடலாம். கோட்டுக்கு அருகில் நிற்கிறவரெல்லாம்
இன்னும் ஒரு முழம் தள்ளிப் போடச் சொல்வார்கள்.
முதல் குரல் என்னுடையதாக இருக்கும்.

ஆனாலும் எனக்கென்று ஒரு தீர்ப்பு இருக்கிறது:
தொங்கும்வரை விட்டுவிடு.
அதைக் காட்டிக் கை நீட்டும் நாளில் கேள்.
அப்படியானால் முதல் நோட்டீஸ் யாருக்கு என்று
அடகுச் சீட்டை எடுத்துப் பார்க்கிறேன்.
குமுதவல்லியில் ஓர் எழுத்தை விழுங்கி
குமுதவலி என்று எழுதியிருக்கிறான்.
ஆறு மாதத் தவணை.

சவரிராயனுக்கு இன்னும் பதில் சொல்லவில்லை.
அந்தக் குளியலறைக் கதவை
இப்போதைக்குச் சரிசெய்ய வேண்டாம் என்று மட்டும்
போன் போட்டுச் சொன்னேன்.
மதிப்பு கூடிவிடும்.