இரண்டாம் பாத்தி

குஸ்பாஸில், நிலக்கரி தோண்டிய மண்ணைக்
கொட்டிக் கொட்டி உயர்ந்த மேடு.
இருபத்தொரு வருடம் டிப்பரில் வந்து
கொட்டியவர்களில் ஒருவர் ராதிய்.
இப்போது எனக்காகக் குழி வெட்டுகிறார்,
வெப்பமானி இறக்க:
ஐந்து, இருபது, ஐம்பது சென்டிமீட்டர்.

ஜூலை. முதல் பாத்தி வெறுங்கருப்பு.
மதியம் ஐம்பத்திரண்டு டிகிரி.
நட்ட பைன் கன்றுகள்
கழுத்தில் வெந்து சாய்ந்தன.
இரண்டாவதில் குதிரைமசால்,
முழங்கால் உயரம், தேனீ இரைச்சல்.
இருபத்தாறு.
"கருவி பழுது, ஜினயீதா" என்றார் ராதிய்.
மாற்றினேன். இருபத்தாறுதான்.

வெயில் இலையோடு நின்றுவிடுகிறது.
இறங்குகிற கொஞ்சமும்
சாவகாசமாக இறங்குகிறது;
இருபதாம் சென்டிமீட்டருக்கு வந்து சேரும்போது
ஊரில் இரவுச் சாப்பாடு முடிந்திருக்கும்.

ஜனவரியில் கணக்கு தலைகீழ்.
வெளியே மைனஸ் முப்பத்து நான்கு.
முதல் பாத்தியின் பனியைக் காற்று வழித்துப்போக
குளிர் ஒரு மீட்டர் கீழே குடியேறிவிட்டது.
இரண்டாவதில் காய்ந்த தட்டைகள்
பனியைப் பிடித்து வைத்திருந்தன,
தொடை ஆழம்.
அடியில் மைனஸ் இரண்டு.

இம்முறை ராதிய் கருவியைக் குறை சொல்லவில்லை.
கையுறை கழற்றி, தோள்வரை நுழைத்தார்.
வெகுநேரம் எடுக்கவில்லை.
"இந்த லோடு நான் கொட்டியது."
எதைத் தொட்டுச் சொன்னாரோ.
வலக்கையைப் பைக்குள் திணித்துக்கொண்டு இறங்கினார்.

கையுறை மே வரை அங்கேயே கிடந்தது.
பனி உருகியதும் பார்த்தேன்:
பெருவிரலுக்குள் மசால் தட்டையை நறுக்கி அடைத்து
வயலெலி ஒன்று குட்டி போட்டிருந்தது.
படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை.
ஓரத்தில் எழுதினேன்: ஐந்து.