பதினேழாம் கட்டம்

ஒரு மீற்றருக்கு ஒரு மீற்றர்,
நாலு பிவிசி குழாய்.
மணலில் போட்டால்
அதற்குள் கிடப்பதுதான் அன்றைக்கு உலகம்.

கோமாரி முகத்துவாரத்தின் வடகரை,
காலை ஆறரை.
நான் எண்ணிச் சொல்ல ஹப்ஸா எழுதுகிறாள்:
அடம்பன் இரண்டு கொடி,
நண்டு வளை ஒன்று,
சோடா மூடி ஒன்று, அதை எழுதாதே,
இராவணன் மீசை எழுபது வீதம்.

சாம்பல் பூசினாற்போல் ஒரு பச்சை.
மெழுகு அது. நகத்தால் சுரண்டினால்
உள்ளே இன்னொரு பச்சை.
இலை தன்னைத் தானே சுருட்டிக்கொண்டு
ஊசியாய் நிற்கிறது,
இருக்கும் கொஞ்சத் தண்ணீரை வெயிலுக்குக் காட்டாமல்.
நேற்றுக் குத்தியது
முழங்காலில் இன்னும் கடுக்கிறது.

ஓடுதண்டு ஒன்றைப் பின்தொடர்ந்தோம்.
நாடா போதவில்லை.
ஒவ்வொரு கணுவிலும் சற்று நின்று
கீழே வேர், மேலே இலை என்று
குடியமர்த்திவிட்டு
அடுத்த கணுவுக்குப் போய்விடுகிறது.
மணல் மூடினால் மேலே வருகிறது.
மறுபடி மூடினால்
மறுபடி.
மணல்மேடு என்று நாங்கள் ஏறி நிற்பது
இது ஏறிவந்த உயரம்.

முதலாம் கட்டம் தொடங்கிப் பதினாறு வரை
எல்லாம் ஆண்.
விசிறியாய் விரிந்த கதிர்கள்,
தட்டினால் உள்ளங்கையில் மஞ்சள் தூள்.

பெண் அக்கரையில் இருந்தது.
தலையளவு முள்ளுருண்டைகள்,
ஒவ்வொரு முள்ளின் அடியிலும்
ஒற்றைப் பூ.
அதைப் பார்த்துத்தான் மீசை என்று பேர் வைத்தார்களாம்.
பெண்ணின் முகத்தில்.

இடையில் நாற்பது அடி நீர்.
மார்கழி வெள்ளத்தில் வயல் முங்கியபோது
மண்திட்டை வெட்டிவிட்டது தவேந்திரனின் பெக்கோ.
கடையில் பிளேன்ரீயோடு இருந்தவன் சிரித்தான்:
"என்ன மறுகா, புல்லுக்கும் ஆம்பிளை பொம்பிளையா?
எனக்குத் தண்ணி போற வழியத்தான் காட்டினவங்க."
நானூறு ஏக்கர் வேளாண்மை பிழைத்தது.
அதற்குப் படிவத்தில் நிரல் இல்லை.

பாவம் என்று நான் சொன்னேன்.
ஹப்ஸாவுக்குக் கோபம் வந்துவிட்டது.
"வாடைக்கு நாற்பது அடி ஒரு தூரமா?
தூள் எப்பவோ போய்ச் சேர்ந்திருக்கும்.
நாங்கதான் நடந்து போக ஏலாம நிக்கிறம்."

ஆனியில் திரும்பி வந்தோம். கச்சான்.
தரையிலிருந்து கடலுக்கு வீசும் காற்று.
அக்கரை உருண்டைகள் காம்பு முறிந்து
முள்நுனிகளில் ஓடின,
குதித்து, ஒருக்கணித்து, எழும்பி,
நேரே அலைக்குள்.
ஐம்பத்திரண்டு வரை எண்ணினாள்.
பிறகு கொப்பியை மூடிவிட்டாள்.

வாய்க்கால் அதற்குள் தூர்ந்துபோயிருந்தது.
பதினேழாம் கட்டத்தின் முளையை
வெள்ளம் கொண்டுபோனதால்
குத்துமதிப்பாக
அந்தப் புது மணலில் சட்டத்தைப் போட்டோம்.

வெட்டின கரையிலிருந்து தொங்கிய ஒரு தண்டு
கீழே இறங்கி
இரண்டு கணு வேரூன்றியிருந்தது. ஆண்.
ஒரு முழம் தள்ளி,
கடல் வேண்டாமென்று திருப்பி எறிந்த ஓர் உருண்டை,
முள் பாதி ஒடிந்து,
பாதி புதைந்து, உப்பு காய்ந்து.

விதை உயிரோடு இருக்கிறதா என்றறிய
பிரித்துப் பார்க்கவேண்டும்.
நான் கை நீட்டினேன்.
"மழைக்கு வருவம்" என்றாள்.

பால் என்ற நிரலில்
ஓர் எழுத்துக்குத்தான் இடமிருந்தது.
பேனா மூடியைக் கடித்தபடி
அவள் அந்த இடத்தை விட்டுவிட்டு
மூடல் இரண்டு வீதம் என்று எழுதினாள்.