பளிங்கு

கடற்கரையில் கல்லை நக்கிப் பார்க்கிற பெண் என்று
உப்புவெளியில் எனக்கொரு பெயர் இருக்கிறது.
என்ன செய்ய,
காய்ந்த கல் வாய் திறக்காது.
ஈரம் பட்டால்தான் சொல்லும்
உள்ளே தேனா, புகையா, வெறும் மண்ணா என்று.
ஒரு கடலே பக்கத்தில் கிடக்கிறதே என்பார்கள்.
கிடக்கிறதுதான். நாக்கு முந்திவிடுகிறது.

அன்று பையில் பதினொரு கல்.
நிலாவெளி வீதிச் சாவடியில்
பஸ்ஸை மறித்து எல்லோரையும் இறக்கினார்கள்.
மீன்பெட்டி திறந்தார்கள்,
பால்போத்தலைக் குலுக்கினார்கள்,
பிறகு என் பை.

இருபத்திரண்டு வயதிருக்கும் அவனுக்கு.
கல்லைக் கண்டதும் நெற்றி சுருங்கியது.
பையில் கல் கொண்டு போகிறவர்களைப் பற்றி
யாராவது வகுப்பெடுத்திருப்பார்கள்.
'மே மொனவாத?'
தீட்டுவதற்கு என்று எந்தப் பாஷையில் சொல்ல.
பெருவிரலால் சுட்டுவிரலைத் தேய்த்துக் காட்டினேன்.
காசு தருகிறேன் என்று எடுத்துக்கொண்டான்.
முகம் இன்னும் இறுகியது.
எனக்குப் பின்னால் நின்ற மனிசி
'கந்தசாமியே' என்றாள் மெதுவாக.

அவனே ஒன்றை எடுத்தான்.
புகை நிறம், நாவற்பழ அளவு.
துவக்கை முதுகுப் பக்கம் தள்ளிவிட்டு
நக்கினான்.
நக்கி, வெயிலுக்கு நேரே பிடித்து,
ஒரு கண்ணை மூடிக்கொண்டான்.

'பளிங்கு' என்றான்.
'பளிங்கு' என்றேன்.
அன்றைக்கு எங்களிடம் இருந்தது அந்த ஒரு சொல்தான்,
அது இரண்டு பேருக்கும் சொந்தமாயிருந்தது.

இரத்தினபுரி என்று நெஞ்சைத் தொட்டான்.
தாத்தா என்றான், அவர்கள் அப்பாவை அப்படித்தான் அழைப்பார்கள்,
கையால் ஒரு கிணற்றின் ஆழம் காட்டினான்.
பிறகு என்னுடைய அதே சைகை,
பெருவிரல், சுட்டுவிரல்,
தலையை மட்டும் இல்லையென்று ஆட்டினான்:
இதற்குக் காசு வராது அக்கா.
ஓம், தெரியும்.
கல்லைத் திருப்பி நகத்தால் ஒரு கோடு போட்டான்.
இந்த இடம் வெடிப்பு, இதிலே வெட்டாதே.
நான் பார்த்தேன். அங்கே ஒன்றும் இல்லை.

வீட்டில் என் பட்டறை
கிண்ணியாவில் சகாப்தீனிடம் வாங்கிய கிரைண்டர் மோட்டர்.
பத்து வருடம் யாருக்கோ உளுந்து அரைத்தது.
தண்ணீர் சொட்டுவதற்கு சேலைன் போத்தல்.
'நோயாளி எப்படி?' என்று எட்டிப் பார்ப்பார் குலவீரசிங்கம்,
தேத்தண்ணிக் கோப்பையோடு.
கல்லைக் குச்சியில் ஒட்டும் அரக்கு
தபால் கந்தோருடையது.
பதிவுத் தபால் பையில் முத்திரை வைத்து மிஞ்சிய துண்டுகள்,
அரசாங்கச் சொத்து,
அதை நான் இங்கே மட்டும்தான் ஒப்புக்கொள்கிறேன்.

சாவடிக்காரன் சொல்லியா நான் வெட்டுவது?
கோட்டுக்குக் குறுக்கே வைத்தேன்.
தட்டு தொட்டு ஒரு நிமிடம் ஆகவில்லை,
டிக்.
சின்னச் சத்தம், சோளம் பொரிகிற மாதிரி.
அவன் நகம் போன வழியிலேயே,
மயிரிழை பிசகாமல்
இரண்டாகக் கிடந்தது கல்.

சின்னப் பாதியைத் தீட்டினேன்.
அறுநூறு, ஆயிரத்து இருநூறு, மூவாயிரம்,
கடைசியில் தோல்மேல் றோஸ் நிறப் பொடி.
ஈரத்தில் எல்லாக் கல்லும் முடிந்த கல்தான்.
துடைத்து, காயவிட்டுப் பார்க்க வேண்டும்.
அப்போது கீறல் வரும்,
நேற்று இல்லாதது, இன்றைக்கு இல்லையென்று சத்தியம் செய்தது.
திரும்ப ஆயிரத்து இருநூறுக்குப் போ.
நாலு கிழமையில் ஏழு தடவை போனேன்.

முடித்ததும் கைப்பையில் போட்டுக்கொண்டு
அதே பஸ், அதே யன்னல்.
ஆடிமாதத்துக்குப் பிறகு அந்தச் சாவடி இல்லை.
மணல்மூட்டை கிழிந்து மணல் மணலோடு சேர்ந்திருந்தது.
ஒரு மான் நின்று
தகரக் கூரையின் நிழலை மோந்தது.
சாரதி பிரேக்கில் கால் வைக்கக்கூட இல்லை.

பெரிய பாதி மேசையில் இருக்கிறது.
அதை நான் இன்னும் தொடவில்லை.
உடைந்த பக்கம்
எந்தப் பொடியும் படாமல்
காய்ந்தும்
மினுங்குகிறது.